பட்டியலக்காவும் ஏழாவது கட்டமும்

எங்கள் சபைக் கட்டடத்தில் உறுப்பினர் பதிவேட்டை இருபத்தோரு வருடம் வைத்திருந்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மந்திரி முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் பட்டியலக்கா. நாடு முழுவதும் ஓட்டுப் போட்டு அனுப்பிய நூற்று எண்பத்தேழு பேரில் யார் உள்ளே, யார் வெளியே, யார் எந்தக் கட்சி, யார் எந்தத் தேதியில் கட்சி மாறினார், எல்லாம் அவர் மேசைமேல் கிடந்த தடித்த அட்டைப் புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தைத் திறக்காமலேயே பாதி சொல்லிவிடுவார்.

நான் சுருக்கெழுத்துப் பிரிவு. சபையின் நடுவில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்து, பேசுகிறவர்கள் பேசுவதை எழுதுவது என் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் அறைக்குத்தான் போவேன். ஒரே ஜன்னல், இரண்டு இரும்பு அலமாரி, கத்திக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் ஒருநாள் வந்து அதைப் பார்த்துவிட்டு, "இது விசிறி இல்ல, எதிர்க்கட்சி. சத்தம் மட்டுந்தான் வருது" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல கட்சி பேசாதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

நான் சொல்ல வருவது ஒரு சபையின் ஐந்தாண்டுக் காலத்தில் நடந்தது.

முதல் நாள் பதவிப் பிரமாணம். பிரமாணம் எடுத்தவர்கள் ஒவ்வொருவராக அக்காவின் மேசைக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய தலைகள் எல்லாம் நடந்துகொண்டே கிறுக்கிவிட்டுப் போகிறவர்கள். ஒரு மந்திரியின் கையெழுத்து கோட்டைத் தாண்டி அடுத்தவர் இடத்தில் போய் விழுந்தது. அக்கா அவரைத் திரும்பக் கூப்பிட்டார். "ஐயா, இது உங்க இடம் இல்ல. உங்க இடம் மேல இருக்கு. அங்க ஒண்ணு போடுங்க." மந்திரி சுற்றிலும் பார்த்தார். புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். திரும்பி வந்து போட்டார்.

அன்று கடைசி வரிசையில் வந்தவர் ஒரு பெண். ஆளும் கட்சி. பதினேழு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, முதல்முறை ஜெயித்து வந்தவர். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தில் அச்சடித்திருந்த ஆறு வரியையும் நின்று படித்தார். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நர்சம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முடிவுவரை படித்துவிட்டு, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார்.

"இத்தனை வருஷத்துல படிச்சுட்டுப் போட்ட ஒரே ஆளு இந்தம்மாதான்" என்று அக்கா மத்தியானம் என்னிடம் சொன்னார்.

அந்த முதல் இரண்டு வருடத்தில் புத்தகம் நிறைய மாறியது. இரண்டு உறுப்பினர்கள் இறந்துபோனார்கள். ஒருவரின் தேர்தல் செல்லாது என்று கோர்ட் சொன்னது. கட்சி மாறியதற்காக இரண்டு பேர் பதவி இழந்தார்கள். ஒவ்வொன்றையும் அக்கா சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் தேதி எழுதி வைத்தார். ஆளும் கட்சி தேய்ந்துகொண்டே வந்தது.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் சபாநாயகருக்கு இதய ஆபரேஷன். வயதான வக்கீல், நேர்மையான மனிதர். தலைவர் நாற்காலியையும் உறுப்பினர் பதவியையும் சேர்த்தே ராஜினாமா செய்தார். அக்கா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ஏனென்றால் பதவி விலகுகிறவர்களுக்கென்று பதிவேட்டில் தனிப் பக்கம் உண்டு, அதில் ஏழு கட்டங்கள். ஏழாவது கட்டத்தின் தலைப்பு இது: 'உறுப்பினரிடம் நேரில் கேட்டு உறுதி செய்யப்பட்டதா? கேட்டவர் கையொப்பம்.' ஏழும் நிரம்பினால்தான் அந்த இடம் காலி என்பது சபை விதி. முன்பு இருந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'ஆம்' என்று எழுதியிருக்கிறார்கள். அக்கா ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை.

"என்னையே சந்தேகப்படறியாம்மா?" என்று கட்டிலில் படுத்தபடி அந்தப் பெரியவர் கேட்டாராம்.

"சந்தேகம் இல்லைங்க ஐயா. கட்டம் இருக்கு. கேக்கணும்."

பெரியவர் மார்பில் தையல் இருந்ததால் சிரிக்க முடியாமல் சிரித்தாராம்.

அவருக்குப் பிறகு நாற்காலி யாருக்கு என்பதுதான் பிரச்சினை. அதுவரை சபையை நடத்திய துணைச் சபாநாயகர் ஆளும் கட்சியின் வேட்பாளர். எதிர்ப்பக்கம் எல்லோரும் சேர்ந்து, கால்நடை டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு உறுப்பினரை நிறுத்தினார்கள். காலியான ஆறு இடம் போக மீதி நூற்று எண்பத்தொரு பேர். இந்தப் பக்கம் தொண்ணூறு, அந்தப் பக்கம் தொண்ணூறு, மிச்சம் நர்சம்மா.

அவர் ஆளும் கட்சிதான். ஆனால் துணைச் சபாநாயகருக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். காரணம் எனக்குத் தெரியும். ஒரு ஆஸ்பத்திரியில் கரண்ட் போய் ஒரே வாரத்தில் நான்கு பச்சைக் குழந்தைகள் இறந்ததைப் பற்றி அவர் சபையில் கேள்வி கேட்டார். நாற்காலியில் இருந்த துணைச் சபாநாயகர், "குறிப்பிலிருந்து நீக்குங்க" என்றார். அந்தப் பதினோரு வரியை அடித்தது என் பேனாதான். நர்சம்மா தன் இடத்திலிருந்து நான் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இல்லாவிட்டால் இருபக்கமும் சமம். சமமானால் அன்றைக்குச் சபையை நடத்துகிற மூத்த உறுப்பினரின் கூடுதல் ஓட்டு முடிவு செய்யும். மூத்த உறுப்பினர் ஆளும் கட்சி. கணக்கு அவ்வளவுதான்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் காலை பதினோரு மணிக்குச் சபைச் செயலாளர் அக்காவைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். நர்சம்மாவின் ராஜினாமா. அதில் அதற்கும் முந்தின நாள் தேதி. ஓரத்தில் துணைச் சபாநாயகர் 'ஏற்கப்பட்டது' என்று எழுதியிருந்தார்.

"மூணு மணிக்குள்ள பதிவேட்டுல ஏத்திடுங்க" என்றார் செயலாளர்.

"ஆறு கட்டம் ஏத்திடறேன் சார். ஏழாவதுக்கு அவங்களைப் பாக்கணும்."

"அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க. சிறுநீரகத்துல கல்லு. தொந்தரவு பண்ண வேணாம். 'ஆம்'னு எழுதிடுங்க."

"நான் இன்னும் கேக்கலையே சார்."

"கையெழுத்தைப் பாருங்கம்மா. அவங்க கையெழுத்துதானே?"

அக்கா பார்த்தார். பதிவேட்டைப் புரட்டி ஒப்பிட்டும் பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான். ஆனால் கையெழுத்தின் மை வெளிறியிருந்தது, தேதியின் மை பளபளவென்று இருந்தது.

ஒரு மணிக்கு நான் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போனபோது அக்கா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். வெளியே போகிறவர்கள் எழுதும் புத்தகத்தில் போகும் நேரம், இடம் எல்லாம் எழுதி முடித்திருந்தார்.

"நீயும் வாயேன். பேச்சுத் துணைக்கு" என்றார்.

பஸ்ஸில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். "அக்கா, இது பெரிய இடத்து விவகாரம்" என்றேன்.

"ஆமா. கட்டம் சின்னதுதான்" என்றார்.

ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி, ஆண் பெண் பிரிக்காத அவசர வார்டு. வார்டு வாசலில் கட்சிக்காரன் ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நர்சம்மாவின் உதவியாளனாம். அவர் செல்போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. பார்க்க முடியாது என்றான். அக்கா அவனோடு பேசவே இல்லை. அந்தப் பக்கம் வந்த வார்டு நர்சைப் பார்த்து, "சிஸ்டர், பார்வையாளர் நேரம் எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டார். "ரெண்டு வரைக்கும்." "அப்ப இப்ப போகலாமா?" "போங்க. யாரு வேணாம்னது?" அந்த ஆஸ்பத்திரியில்தான் நர்சம்மா பதினேழு வருடம் வேலை பார்த்திருக்கிறார் என்பது அந்த உதவியாளனுக்கு மறந்துவிட்டது போல. வார்டு நர்ஸ் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் காலை மடக்கி வழி விட்டான்.

நர்சம்மா வலது கையில் டிரிப்ஸ் ஏற, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா கடிதத்தின் நகலை நீட்டினார். அவர் அதையும் முழுக்கப் படித்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார். "ஆனா இதை நான் குடுக்கல."

"புரியலீங்க."

"சீட்டு குடுக்கறதுக்கு முன்னாடி எங்க எல்லார்கிட்டயும் இப்படி ஒண்ணு வாங்கினாங்க. தேதி போடாம. 'சும்மா ஒரு சம்பிரதாயம், போடுங்க'ன்னாங்க. கூட்டத்துல நின்னு படிக்காமப் போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா வயிறு எரிஞ்சுது. அன்னிலேருந்து எதையும் படிக்காம நான் போடறதில்ல."

"எல்லாருமா குடுத்திருக்காங்க?"

"எங்க கட்சியில அத்தனை பேரும்."

அக்கா பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். "நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க பதவி விலகறீங்களா?"

"இல்ல."

"அதை உங்க கையால எழுதுங்க. இன்னிக்குத் தேதி, இப்ப மணி என்னவோ அதையும் போடுங்க."

டிரிப்ஸ் ஊசியோடு அவர் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல். எழுதி முடித்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார். "சாட்சின்னு கீழ ஒரு கையெழுத்து போடறியா?"

நான் போடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன், ஆனால் அப்புறம் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்கு இரண்டு குழந்தைகள், வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம். பேனா என் பையிலேயே இருந்தது. கை போகவில்லை. அக்கா ஒரு நொடி பார்த்துவிட்டு, "சரி, பரவாயில்ல" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து படுத்திருந்த லாரி டிரைவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "குடுங்கம்மா, நான் போடறேன். எனக்கென்ன, லாரியைத்தான் ஏற்கனவே கவுத்தாச்சே" என்றார். அவர் போட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று நர்சம்மா கேட்டார்.

"பதினொண்ணு."

இரண்டு மணிக்கு முன்னால் திரும்பிவிட்டோம். அக்கா பேனா மூடியைக் கழற்றி, ஏழாவது கட்டத்தில் அழியாத மையில் எழுதினார்: 'நேரில் கேட்கப்பட்டது. உறுப்பினர் மறுக்கிறார். பதவி விலகவில்லை.' கீழே தன் முழுக் கையெழுத்து. புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும். ஒன்றைக் கிழித்தால் தெரிந்துவிடும்.

மூன்று மணிக்குச் செயலாளரே இறங்கி வந்தார். கூடவே ஆளும் கட்சிக் கொறடா. எந்த உறுப்பினர் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக்காக விரட்டுகிறவர். ஆள் குள்ளம், குரல் மட்டும் உயரம். நான் வெளியே போகப் பார்த்தேன். வாசலை அவர் உடம்பு அடைத்திருந்தது.

"அடிச்சுட்டு வேற எழுதும்மா" என்றார் கொறடா.

"நான் எழுதினது நடந்ததுங்க. நடந்ததை அடிக்க மாட்டேன்."

"நீ யாருக்கு ஆளு?"

"புத்தகத்துக்குங்க."

"குடியிருக்கற வீடு அரசாங்கம் குடுத்ததுதானே? பொண்ணு காலேஜ்ல கடைசி வருஷம்னு கேள்விப்பட்டேன்."

அக்காவின் முகம் மாறியது. பயத்தில் அல்ல. என் ஆறு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. எழுந்து நின்றார். புத்தகத்தைத் திருப்பி கொறடாவின் பக்கமாக வைத்தார். அதன்மேல் பேனாவை வைத்தார்.

"என் பொண்ணு பேரை இந்த ரூம்ல எடுக்காதீங்க. அடிக்கணுமா, தாராளமா அடிங்க. விதி தடுக்கல. ஆனா அடிச்ச எடத்துல யார் அடிச்சதுன்னு பேரு எழுதி, கையெழுத்து போட்டு, ஏன்னு காரணமும் எழுதணும். அதுவும் விதிதான். இந்தாங்க."

கொறடா பேனாவைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார். "நீங்க போடுங்க."

செயலாளருக்கு ஓய்வுக்குப் பதினான்கு மாதம்தான் இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. "நான் எப்படிங்க... பதிவேடு இவங்க பொறுப்பு" என்றார்.

"அப்ப துணைச் சபாநாயகரைப் போடச் சொல்லுங்க" என்றார் அக்கா.

ஃபோன் போனது. துணைச் சபாநாயகர் கூட்டத்தில் இருக்கிறாராம். நான்கு மணிக்கும் கூட்டம். நாலரைக்கும் கூட்டம். அத்தனை அதிகாரமும் ஒன்றாகச் சேர்ந்தும், அந்த ஒரு விரல் அகலக் கட்டத்தில் தன் பெயரை எழுத ஒரு ஆள் கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு அக்காவுக்கு ஓர் உத்தரவு வந்தது. அலுவல் நேரத்தில் அனுமதியின்றி வெளியே சென்றதற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். அக்கா படித்தார். "சாப்பாட்டு நேரந்தானே, நேரம் எழுதிட்டுத்தானே போனேன்" என்று உத்தரவு கொண்டுவந்த கடைநிலை ஊழியரிடம் சொன்னார். அவர் பாவம், தரையைப் பார்த்தார். அக்கா பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கணவர் வேலையிலிருந்து வந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் மேசையில் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க" என்றார் அக்கா.

கணவர் துணியைக் கீழே வைத்தார். பிறகு, "எழுதினதை அடிச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்ப சரி. நாளைலேருந்து வீட்டுலதான இருப்ப. சமையல் உன் முறை."

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கொறடா என்னைப் பத்திச் சொன்னானாம்மா?" என்று கேட்டாள். அக்கா ஆமென்று தலையாட்டினார். "நல்லா சொல்லிட்டுப் போகட்டும்" என்றாள் அவள். "நான் பரீட்சை எழுதத்தான் போறேன். அதையும் அவனா வந்து திருத்தப் போறான்?"

மறுநாள் விடிந்ததுமே எதிர்க்கட்சித் தலைவரிடமிருந்து அக்காவுக்கு ஆள் வந்தார். மேலே பார்வையாளர் மாடத்தில் முன் வரிசையில் இடம், அனுமதிச் சீட்டோடு. அக்கா சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நேத்து ஒருத்தர் நான் யாருக்கு ஆளுன்னு கேட்டார். இன்னிக்கு அதுக்குப் பதில் ஆயிடக் கூடாது" என்றாராம். காலை எட்டு மணிக்கே பொதுமக்கள் வாசலில் வரிசையில் நின்று, மற்றவர்களைப் போலவே சோதனைக்குப் பையைத் திறந்து காட்டி உள்ளே வந்தார். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கீழே என் மேசையிலிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது.

பதினோரு மணிக்குப் பெயர் படிக்க ஆரம்பித்தார்கள். படித்தவர் அக்காவின் இடத்துக்கு அன்று காலை கொண்டுவரப்பட்டவர். ஒவ்வொருவரும் எழுந்து, யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நர்சம்மாவின் பெயர் புத்தகத்தில் இருந்தது, ஆகவே படித்தே ஆக வேண்டும். படித்தார். பதில் இல்லை. கொறடா நாற்காலியில் சாய்ந்தார். விதிப்படி மூன்று முறை படிக்க வேண்டும். இரண்டாம் முறை படித்தார்.

பின் கதவு திறந்தது. நர்சம்மா நடந்தே வந்தார். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த பழைய தோழிகள் இரண்டு பேர் கதவு வரை தாங்கி வந்திருந்தார்கள், அதற்குமேல் அவர்களுக்கு அனுமதி இல்லை. அங்கிருந்து தன் இடம் வரைக்கும் ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு வந்தார். புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி.

"இருக்கேன்" என்றார். "கால்நடை டாக்டருக்கு."

அதுவரை நான் எதிர்பார்த்ததுதான். அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. தேதியில்லாத கடிதத்தின் கதை ஒரே இரவில் எல்லா உறுப்பினர் காதுக்கும் போயிருந்தது. அந்தக் கட்சியில் ஒவ்வொருவரின் கடிதமும் அதே பெட்டியில் கிடக்கிறது. நேற்று அவளுக்கு, நாளைக்கு எனக்கு என்று ஒவ்வொருவருக்கும் உறைத்திருக்கிறது. அதோடு, வந்து கேட்காமல் பெயரை அடிக்க மாட்டேன் என்று நிற்க ஒருத்தி இருக்கிறாள் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆளும் கட்சியின் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார், "கால்நடை டாக்டருக்கு" என்றார். கொறடா எழுந்தே விட்டார். பிறகு இன்னொருவர். பிறகு மூன்றாவதாக, கட்சியிலேயே மூத்தவர்களில் ஒருவர்.

தொண்ணூற்று நான்குக்கு எண்பத்தேழு. சபையில் எழுந்த இரைச்சலில் என் பேனா பின்தங்கியது. மேலே பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. முடிவு படித்ததும் அக்கா கிளம்பிப் போய்விட்டார்.

புதிய சபாநாயகர் முதல் வாரத்திலேயே அக்காவை அழைத்து, பணிநீக்கத்தை ரத்து செய்து கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். அக்கா வேண்டாம் என்றார். "உங்க தயவுல வந்தேன்னு ஆயிடும்ங்க. அடுத்த சபாநாயகர் அவர் தயவுல என்னை வெளிய அனுப்பலாம். விசாரிங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க."

விசாரணை பதினோரு மாதம் இழுத்தது. இடையில் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியேறினார்கள். பகல் முழுக்கக் கீழே சுத்தியல் சத்தம். மகள் அந்தச் சத்தத்தில் படித்தே தேறினாள். நர்சம்மாவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அவர் தனியாளாக உட்கார்ந்து, நான்கு குழந்தைகளைப் பற்றிய கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை பதினோரு வரியும் குறிப்பில் நின்றன. அடுத்த தேர்தலில் தோற்றுப்போய், திரும்ப ஆஸ்பத்திரி வேலைக்கே போய்விட்டார்.

விசாரணைக் குழு என்னையும் கூப்பிட்டது. அன்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் கையெழுத்துப் போடாததையும் சேர்த்துச் சொன்னேன். எழுதிக்கொடுங்கள் என்றார்கள். எழுதி, கையெழுத்துப் போட்டேன். தாமதந்தான்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் எழுதியது சரி, விதிப்படியே நடந்திருக்கிறார், பணியில் திரும்பச் சேரலாம். ஆனால் மேலதிகாரியிடம் வாய்மொழி அனுமதி பெறாமல் வெளியே சென்றதற்காகக் கண்டிக்கப்படுகிறார். பெரிய மனிதர்கள் யாருக்கும் வலிக்காத மாதிரி எழுதியிருந்தார்கள். அக்கா அந்த உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே எழுதினார்: 'கண்டனத்தை ஏற்கவில்லை.'

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்றார் அலுவலக மேலாளர்.

"எழுதக் கூடாதுன்னு எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் உத்தரவை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

அறைக்கு வந்து பார்த்தால் அக்காவின் நாற்காலி இல்லை. அதற்குப் பதில் ஒரு கை உடைந்த நாற்காலி கிடந்தது. யாரோ வேண்டுமென்றே செய்தார்களா, பதினோரு மாதத்தில் தானாகவே இடம் மாறியதா தெரியாது. அக்கா தாழ்வாரத்தில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். கொறடாவின் அலுவலகத்துக்கு வெளியே, பார்க்க வருகிறவர்கள் உட்காரும் வரிசையில் அது கிடந்தது. அதில் ஒரு தொண்டர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க. இது என்னுது" என்றார் அக்கா.

அவர் எழுந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தூக்கப் போனேன். "விடு, நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லி, நாற்காலியை இடுப்பில் ஒட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, அத்தனை கதவுகளுக்கும் முன்னால், தாழ்வாரத்தின் நடுவில் நடந்தார்.